மூட்டை எங்கே உட்காருகிறது? டெல்டாவின் இருசக்கரச் சுமைக் கணக்கு

காவிரி டெல்டாவில் சந்தைக்கும் வயலுக்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு பொருள் இரண்டு சக்கரத்தின் மேல் போகிறது என்று தெரிய வேண்டுமானால், விடியற்காலையில் தாராசுரம் காய்கறி மார்க்கெட் வாசலில் சற்று நேரம் நின்றால் போதும். கத்தரிக்காய் மூட்டை, முட்டைக்கோஸ் மூட்டை, தக்காளிப் பெட்டி எல்லாம் மொபெட்டுகளின் முதுகில் ஏறிக் கிராமத்துக் கடைகளுக்குக் கிளம்பும். அதே வேளையில் நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து மீன் பெட்டிகள் மேற்கே திருவாரூர்ப் பக்கம் வந்துகொண்டிருக்கும். திருவையாற்றுப் படுகையில் அறுத்த வாழைத்தாரும் இலைக்கட்டும், கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய யூரியாவும், ரேஷன் அரிசியும், பால் கேனும், குடிதண்ணீர் கேனும் பகல் முழுவதும் இப்படித்தான் போகின்றன.

இதற்கு நிலத்தின் அமைப்பு முக்கியமான காரணம். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று எந்த ஆற்றைக் கடந்தாலும் அடுத்து ஒரு கரை வரும். கரைமேல் ஒரு சாலை இருக்கும். அதிலிருந்து ஒரு வாய்க்கால் பிரியும். லாரியும் சரக்கு வேனும் ஊர் முனையோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் இருக்கும் அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தூரத்தை முன்பு மாட்டுவண்டியும் சைக்கிள் கேரியரும் தலைச்சுமையும் பார்த்துக்கொண்டன. வண்டி மாடு குறைந்தது, தலைச்சுமைக்கு ஆள் கிடைப்பது அரிதானது. அந்த வேலை மொபெட்டின் தலையில் விழுந்தது. 1980 இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50, இந்தியாவில் இருவர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் மொபெட். குடும்பம் போக வாங்கிய வண்டியை டெல்டா வெகு சீக்கிரம் பாரவண்டியாக்கிக்கொண்டது. அதன் வழியில் வந்த எக்ஸ்எல் 100 இன் பின் இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் மூட்டை ஏற்றலாம். விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் அதன் உண்மையான வேலை என்னவென்று தெரியும்.

ஆகவே, இருசக்கர வாகனத்தில் சுமை ஏற்றாதீர்கள் என்று எழுதுவது டெல்டாவில் வெறும் பேச்சு. ஏற்றத்தான் போகிறார்கள். ஆனால் எப்படி ஏற்றுவது என்பதைப் பற்றிய பேச்சு எப்போதும் எடையிலேயே நின்றுவிடுகிறது. ‘இவ்வளவு பாரமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ‘அதை ஏன் அங்கே வைத்தாய்?’ என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வண்டியைக் கவிழ்ப்பதில் இரண்டாவது கேள்விக்குத்தான் பங்கு அதிகம்.

எடையை முதலில் முடித்துவிடலாம், அது எளிய கணக்கு. எக்ஸ்எல் 100 இன் சுமை வரம்பாக நிறுவனம் குறிப்பிடுவது 130 கிலோ. 100 சிசி மோட்டார் சைக்கிள்களிலும் இந்த எண் பெரும்பாலும் 130 ஐ ஒட்டியே இருக்கும். பலர் கவனிக்காத விஷயம், இந்த 130 இல் ஓட்டுபவரும் அடக்கம். ஓட்டுபவர் 60 கிலோ என்றால் மிச்சம் 70. யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்துவிட்டது. ஒரு மூட்டை ஏற்றினால் இன்னும் 25 கிலோ இடம் இருக்கிறது. இரண்டாவது மூட்டையையும் போட்டால் வரம்பை 20 கிலோ தாண்டுகிறது. கணவன், மனைவி இருவரும் தலா 65 கிலோ என்றால் பை எதுவும் இல்லாமலேயே வண்டி நிறைந்துவிட்டது. அவர்கள் மடியில் ஒரு பிள்ளையும் ஹேண்டில்பாரில் இரண்டு கட்டைப் பையும் கூடுதல்.

டயரும் தன் வரம்பைத் தானே சொல்கிறது. பல 100 சிசி வண்டிகளின் பின் டயரில் 2.75-18 என்ற அளவுக்குப் பக்கத்தில் 48பி என்று அச்சிட்டிருக்கும். 48 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் 180 கிலோ தாங்கும் என்று பொருள். முன் டயரில் 42 என்றிருந்தால் 150 கிலோ. இதெல்லாம் காற்று சரியாக இருக்கும்போது மட்டுமே. சங்கிலி மூடியிலோ பின் சக்கரத்தைப் பிடிக்கும் கம்பியிலோ ஒட்டியிருக்கும் தாளில் பின் டயருக்கு இரண்டு காற்றழுத்தங்கள் இருக்கும்: தனியாகப் போகும்போது ஒன்று, பின்னால் ஆள் இருக்கும்போது அதைவிடக் கூடுதலாக இன்னொன்று. மூட்டையும் ஓர் ஆள்தான். ஆனால் மூட்டைக்காகக் காற்று ஏற்றிக்கொள்பவரைப் பார்ப்பது அபூர்வம். காற்றுக் குறைந்த டயர் சுமையில் நசுங்கி, திருப்பத்தில் பக்கவாட்டில் நெளியும். அந்த நெளிவை ஓட்டுபவர் சாலையின் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

இனி இடத்துக்கு வருவோம். கிணற்றில் தண்ணீர் இறைத்த பழைய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: நடுவில் தாங்கு, ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும்பும். வண்டியில் பின்சக்கரத்தின் அச்சுதான் அந்தத் தாங்கு. அச்சுக்கு முன்னால் வைக்கும் எடை இரண்டு சக்கரத்துக்கும் பிரிந்து போகிறது. அச்சுக்குப் பின்னால் வைக்கும் எடை பின்சக்கரத்தை அழுத்துவதோடு முன்சக்கரத்தைத் தூக்கவும் செய்கிறது.

எவ்வளவு தூக்கும்? இந்த வண்டிகளில் இரண்டு சக்கரங்களின் மையங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 123 சென்டிமீட்டர். 50 கிலோ மூட்டையின் நடுப்பகுதி, பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் உட்கார்ந்தால், முன்சக்கரத்தின் மேலிருந்து 12 கிலோ எடை காணாமல் போகிறது. பின்சக்கரத்துக்கு 62 கிலோ கூடுகிறது. மொபெட் வகை வண்டியில் ஆளோடு சேர்த்து முன்சக்கரத்தின் மேல் இருப்பதே சுமார் 55, 60 கிலோதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதே மூட்டையை 60 சென்டிமீட்டர் முன்னுக்குத் தள்ளி, அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் வைத்தால் முன்சக்கரத்துக்கு 12 கிலோ கூடுகிறது. மூட்டை ஒன்றே, கயிறு ஒன்றே. முன்சக்கரத்தின் பிடிப்பில் வித்தியாசம் 24 கிலோ.

திசை திருப்புவதும் பிரேக்கின் பெரும்பகுதி வேலையும் முன்சக்கரத்தில்தான். அது லேசாகிவிட்ட வண்டி நேர்ச்சாலையில் குறை எதுவும் சொல்லாமல் ஓடும். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் ஹேண்டில்பார் தளர்ந்து கையில் கனமே இல்லாததுபோல் தோன்றும். வேகத்தடையில் பின்சக்கரம் ஏறும்போது முன்பக்கம் துள்ளும். ஈரச் சாலையில் திருப்பினால் வண்டி திரும்பாமல் நேரே வழுக்கப் பார்க்கும். இவ்வளவுக்கும் காரணம் மூட்டை ஒரு முழம் பின்னால் போனது.

அந்த ஒரு முழத்தைத் தருவது வெல்டிங் பட்டறை. வண்டி வாங்கிய கையோடு பட்டறைக்குக் கொண்டுபோய் இரும்புக் கேரியர் வைப்பது டெல்டாவில் பழக்கம். பட்டறைக்காரர் கெட்டிக்காரர்தான், அவர் வைத்த பற்று விடாது, கம்பி வளையாது. ஆனால் வாடிக்கையாளர் கேட்பது ‘இரண்டு பெட்டி உட்காரும்படி’ ஒரு கேரியர். அதனால் கேரியர் பின்பக்க விளக்கையும் தாண்டி நீள்கிறது. நீண்ட இடம் இருந்தால் அதில் சுமை வந்து உட்காரும். கேரியர் வைப்பவர்கள் அதைப் பின்னால் நீட்டாமல், பின் இருக்கை இருந்த இடத்திலேயே தாழ்வாக அமைத்து, பக்கவாட்டில் இரண்டு தாங்கிகளை இறக்கிக்கொண்டால் ஏற்றும் அளவு குறையாது. கூடுதலாகச் சில நூறு ரூபாய் ஆகலாம். கால் போடவும் இறக்கவும் கொஞ்சம் சிரமம். இந்த இரண்டு காரணத்தாலும் யாரும் கேட்பதில்லை.

எக்ஸ்எல் வகை வண்டியில் சுமைக்கு மிக நல்ல இடம், ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே இருக்கும் தளம். தாழ்வான இடம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு 26 கிலோ அரிசிச் சிப்பத்தை அங்கே வைத்தால் வண்டிக்குத் தெரியாது. (25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 2022 இல் ஜிஎஸ்டி வந்ததும் கடைகளில் 26 கிலோ சிப்பம் தலைகாட்டியதும், ஒரு கிலோ கூடியதில் வரி போனதும் நாடறிந்த கதை.) ஸ்கூட்டரிலும் குடிதண்ணீர் கேனுக்கு அதுவே இடம். ஆனால் கால்கள் வெளியே தொங்கும்படி ஆகிவிட்டால் ஆதாயம் எல்லாம் போச்சு. காலை ஊன்ற முடியாதவர் தடுமாறும் வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாது. கேன் அகலமா, கால் அகலமா என்று பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

உயரம் வேறொரு கணக்கு. பிளாஸ்டிக் குடம், நாற்காலி விற்பவரின் வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சிறு கோபுரம் நகர்வதுபோல் இருக்கும். மொத்த எடை முப்பது கிலோகூடத் தேறாது. ஆனால் உயரத்தில் இருக்கும் எடை, பிரேக் பிடிக்கும்போது முன்னால் சாய்கிறது. திருப்பத்தில் வெளியே இழுக்கிறது. நிற்கும்போது ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் கால் தாங்காது. காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். குடக் கோபுரம் எம்மாத்திரம்? ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, தெற்கு வடக்காக ஓடும் திறந்த வயல் சாலைகளில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். காற்றுக்கு எடை முக்கியமில்லை, பரப்புதான் முக்கியம். அதனால்தான் 10 கிலோ வாழையிலைக் கட்டு, 45 கிலோ யூரியாவைவிடச் சிலநேரம் ஆபத்தானது.

நான்கு வழிச்சாலைகள் வந்த பிறகு இதில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரும் சாலையிலும், தஞ்சாவூர்–திருச்சி சாலையிலும் பஸ் கடந்து போகும்போது, அது கிளப்பும் காற்று சுமை வண்டியை முதலில் வெளிப்புறமாகத் தள்ளிவிட்டு, பஸ்ஸின் பின்பகுதி தாண்டும் நொடியில் உள்ளே இழுக்கிறது. தள்ளலுக்கு எதிராக ஹேண்டில்பாரைத் திருப்பியவர் இழுப்பு வரும்போது அதே திருப்பலோடு இருப்பார். உயரமாகச் சுமை வைத்திருப்பவருக்கு இந்த இரண்டு அசைவும் இரட்டிப்பாகத் தெரியும். நாற்பதில் போகும் மொபெட்டும் நூறில் போகும் காரும் ஒரே தடத்தில் ஓடுவதும், எதிர்ப்புறம் இருக்கும் ஊருக்குப் போக மூட்டையோடு எதிர்த்திசையில் வருவதும் தனியாக எழுத வேண்டிய பெரிய விஷயம். அந்தச் சாலைகளை வடிவமைத்தவர்கள் டெல்டாவின் மொபெட்டை மனத்தில் வைத்து வடிவமைத்ததாகத் தெரியவில்லை.

பக்கவாட்டுச் சமன்பாட்டில் பாடம் படிக்க வேண்டுமானால் பால்காரரிடம் படிக்கலாம். வண்டியின் இருபுறமும் கொக்கியில் தொங்கும் கேன்கள், கிளம்பும்போது ஒரே எடை. ஊருக்குள் நுழைந்து ஊற்ற ஆரம்பித்ததும் சமன் குலைகிறது. இடதுபுறக் கேனிலிருந்து 15 லிட்டர் ஊற்றி முடித்து வலதுபுறக் கேனைத் தொடாமல் வைத்திருந்தால், மொத்த எடையின் மையம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்துவிடும். மூன்று சென்டிமீட்டர் சிறியதாகத் தெரிகிறது. ஆனால் வண்டி நேராகப் போக வேண்டுமானால் ஓட்டுபவர் தன் உடம்பை இடப்பக்கம் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். அனுபவசாலி இதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு வீட்டுக்கு இடது, அடுத்த வீட்டுக்கு வலது என்று மாற்றி மாற்றி ஊற்றுவார்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாற்றி ஊற்றினால் இரண்டு கேன்களும் பாதிப் பாதியாக நிற்கும். நிறைந்த கேனில் பால் அசைய இடமில்லை. பாதிக் கேனில் பால், பிரேக் பிடித்தால் முன்னால் பாய்ந்து, விட்டால் பின்னால் திரும்பும். வண்டி நின்ற பிறகும் ஓர் அலை வந்து தட்டும். பெரிய கேன் இரண்டுக்குப் பதிலாகச் சிறிய கேன் நான்கு வைத்து, இடம் ஒன்று வலம் ஒன்றாக ஜோடி ஜோடியாகக் காலி செய்தால் சமனும் கெடாது, அலையும் குறையும். மூடியை இறுக்குவது பால் சிந்தாமல் இருக்க மட்டுமே. அலையை மூடி நிறுத்தாது.

மீன் பெட்டிக்கும் இதே தொல்லை உண்டு. கிளம்பும்போது ஐஸ் கட்டியாக இருந்தது, வெயில் ஏற ஏறத் தண்ணீராகிப் பெட்டிக்குள் அலைகிறது. வடிகாலுக்குத் துளை போட்டிருப்பார்கள். அந்தத் துளை எங்கே திறக்கிறது என்பதில் யாரும் கவனம் வைப்பதில்லை. பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேல்தான் சொட்டுகிறது. பின்சக்கரத்தின் பிரேக் டிரம்மும் சங்கிலியும் நாள் முழுவதும் உப்புத் தண்ணீரில் ஊறுகின்றன. மீன் வியாபாரிகளின் வண்டியில் சங்கிலியும் ரிம்மும் சீக்கிரம் துருப்பிடித்துப் போவதற்குக் கடற்காற்றின் மேல் மட்டும் பழி போட முடியாது. துளையில் ஒரு முழம் ரப்பர் குழாய் மாட்டி, சக்கரத்துக்குப் பின்னால் வெளியே விட்டால் வேலை முடிந்தது.

ஹேண்டில்பாரில் மாட்டும் பையை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். காய்கறிப் பை, டிபன் கேரியர், பள்ளிக்கூடப் பை என்று அது டெல்டாவுக்கு மட்டுமான வழக்கமும் இல்லை. ஹேண்டில்பாரில் ஏறும் எடை வண்டி சுமக்கும் எடை மட்டுமன்று. திசையோடு சேர்ந்து திரும்பும் எடை. பை ஊசலாடும்போது ஹேண்டில்பாரும் கூடவே ஆடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் ஆட்டம் பெருகுகிறது. முழுதாகத் திருப்பும் நேரத்தில் பை பெட்ரோல் டேங்கில் முட்டி நிற்க, வண்டி பாதித் திருப்பத்தில் மாட்டிக்கொள்கிறது. முன் பிரேக் கேபிளையோ ஆக்சிலேட்டர் கேபிளையோ பையின் வார் இழுப்பதும் நடக்கும். ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கும் அரைக் கிலோ தக்காளிக்கும் ஒன்றும் ஆகாது. எண்ணெய் டின்னும் தேங்காய் மூட்டையும் அங்கே போவதுதான் வினை.

அகலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஹேண்டில்பாரைவிட அகலமான சுமை, ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாத சுமை. தான் நுழைந்த இடத்தில் சுமையும் நுழையும் என்று அவர் நம்புவார். புல்லுக்கட்டும் நாற்றுக்கட்டும் இடித்தால் வளைந்து கொடுக்கும். இரும்புக் கம்பியும் பிளாஸ்டிக் பைப்பும் கொடுக்காது. ஆற்றங்கரைச் சாலையில் எதிரே பஸ் வரும்போது குறுக்காக வைத்த பைப் பஸ்ஸைத் தொட்டால் வண்டி அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றும். ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் ஆறு.

கட்டுவதில் டெல்டாக்காரர்கள் கை தேர்ந்தவர்கள். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்த பட்டை இங்கே பல பெட்டிக்கடைகளில் கயிற்றுக்குப் பக்கத்தில் தொங்கும். அதில் ஒரு நல்ல குணம்: மூட்டை வழியில் குலுங்கி அமர்ந்து அளவு குறைந்தாலும் டியூப் தானாகச் சுருங்கி இறுக்கத்தை விடாமல் இருக்கும். நைலான் கயிற்றுக்கு அது தெரியாது. இறுக்கிக் கட்டிய மூட்டை இரண்டு கிலோமீட்டரில் அமர்ந்துவிடும், கயிறு தொளதொளத்துவிடும். ஆனால் டியூபின் நல்ல குணமே உயரமான சுமையில் கெட்ட குணம். குலுங்கும்போது இழுபட்டுச் சுமையை ஆடவிடும். வெயிலில் காய்ந்த டியூப் வெடித்திருப்பது கட்டும்போது தெரியாது, அறும்போது தெரியும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு இழுத்த நிலையில் நழுவினால் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும். அனுபவப்பட்டவர்கள் செய்வது இரண்டையும் சேர்ப்பது: மூட்டையைக் கேரியரோடு சேர்த்து அசையாத கயிற்றால் ஒரு கட்டு, அதன் மேல் டியூபால் ஒரு கட்டு. இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் ஒரு டீக்கடையில் நிறுத்தி, கையால் மூட்டையை அசைத்துப் பார்த்து மறுபடி இறுக்குவார்கள். டீ குடிக்கப் போகிறார் என்று நினைப்போம்.

கட்டி முடித்த பின் மிஞ்சும் நுனிக் கயிறுதான் பெரிய எதிரி. ஒரு முழம் கயிறு தொங்கினால் போதும். காற்றில் ஆடிச் சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போகும், அல்லது கம்பிச் சக்கரத்தில் சுற்றும். சுற்றிய கயிறு மூட்டையை இழுக்கும். இழுக்க இழுக்கச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் இதே வழியில்தான் சிக்குகின்றன. பின்சக்கரத்தின் இடப்பக்கத்தில் பாதியையாவது மூடியிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123 ஆம் விதி சொல்வது அதனால்தான். சுமை ஏற்ற இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்தக் காப்புக் கம்பியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் மனைவியை ஒருக்களித்து உட்காரவைத்துக் கோயிலுக்குப் போவது நம் வழக்கம். வலப்பக்கத்தில் சைலன்சர் இருக்கிறது. பிளாஸ்டிக் சாக்கின் மூலை அதைத் தொட்டால் உருகும். உருகிய ஓட்டை வழியாக உரம் கொட்டிக்கொண்டே வரும். எடை ஒரு பக்கமாகக் குறைந்துகொண்டே போகும்.

அந்த 123 ஆம் விதியில் பெட்டிக்கும் அளவு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் பொருத்தும் இலகுவான பெட்டி 550 மில்லிமீட்டர் நீளம், 510 அகலம், 500 உயரத்துக்கு மேல் போகக்கூடாது. பின் இருக்கையின் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டுமே போகலாம். டெல்டாவின் மீன் பெட்டியை அளந்தால் இந்த அளவுக்குள் நிற்பது கடினம். ஆனால் அளவைப் படித்துப் பார்த்தால், சுமார் அரை மீட்டர் கனசதுரம், பெட்டி இருந்தால் ஆள் கூடாது என்பதில் நியாயம் இருப்பது தெரியும்.

கயிறு இல்லாத இடத்தில் நாம் மனிதரைப் பயன்படுத்துகிறோம். ‘பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வா’ என்ற ஒரு வரியில் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள்! கண்ணாடி, டிவி, பைப், பத்துப் படி பாத்திரம், கல்யாண வீட்டுத் தாம்பாளம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கேஸ் சிலிண்டர். வாயு 14.2 கிலோ, இரும்பு ஏறக்குறைய 15, 16 கிலோ. மொத்தம் 30 கிலோ மடியில். நேராக நிற்க வேண்டிய சிலிண்டர் படுத்திருக்கிறது. பிடித்துக்கொண்டிருப்பவரின் இரண்டு கையும் சிலிண்டரில் இருக்கின்றன; அவரை யார் பிடித்துக்கொள்வது? வண்டி குலுங்கும்போது மனிதர் இயல்பாகவே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையை விடுவார். அல்லது பொருளைக் காப்பாற்றத் தன்னை விடுவார். கயிற்றுக்கு இந்தத் தயக்கம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 128 ஆம் பிரிவு ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது; மீறினால் 194சி பிரிவில் ஆயிரம் ரூபாய் அபராதமும் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் இழப்பும் உண்டு. பின்னால் இருப்பவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. 2022 இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது.

பிரேக்கைப் பற்றி ஒரு கணக்கு. வண்டியும் ஆளுமாக 145 கிலோ என்று வைத்துக்கொண்டால், இரண்டு யூரியா மூட்டை ஏற்றியதும் 235. அதே வேகத்தில் நிறுத்த, பிரேக் ஏறக்குறைய 1.6 மடங்கு வேலை செய்ய வேண்டும். சுமையே இல்லாமல் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40 க்குப் போனால் பிரேக்கின் வேலை 1.78 மடங்காகிறது. அதாவது, வேகத்தில் கூடும் பத்துக் கிலோமீட்டர், இரண்டு யூரியா மூட்டையைவிடப் பிரேக்குக்குக் கனமானது. சுமையோடு போகிறவர் வேகத்தைக் குறைப்பதில் இவ்வளவு ஆதாயம் இருக்கிறது. சுமை பின்னால் இருக்கும்போது பின்சக்கரத்தில் பிடிப்பு அதிகம் என்பதால் வழக்கத்தைவிடப் பின் பிரேக்கைக் கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்தலாம். முன் பிரேக்கையும் விடாமல், இரண்டையும் சேர்த்து முன்கூட்டியே மெதுவாகப் பிடிக்க வேண்டும். பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாகத் திருகும் வளையம் பல வண்டிகளில் உண்டு. சுமைக்கு அதைக் கடினப்படுத்திக்கொள்ளலாம். வண்டி வாங்கிய நாளில் இருந்த படியிலேயே அது துருப்பிடித்து நிற்பதைத்தான் பார்க்கிறோம். பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும்; தன் வழி தெரியாது, எதிரே வருபவர் கண் கூசும். பின் விளக்கையும் இண்டிகேட்டரையும் மூட்டை மறைத்திருக்கும். கரைச் சாலையில் இரவு நேரத்தில் அப்படிப்பட்ட வண்டி, பின்னால் வரும் லாரிக்கு இல்லாத வண்டி.

டெல்டாவின் சாலைகளுக்குப் பருவத்துக்கு ஒரு குணம். குறுவைக்கும் சம்பாவுக்கும் உழவு நடக்கும் நாள்களில் டிராக்டரின் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் வயல் சேற்றைச் சாலைக்குக் கொண்டுவந்து கொட்டும். வடகிழக்குப் பருவமழையில் அது வழுக்கும் களியாகும். தை, மாசியில் சம்பா அறுவடையின்போது அந்த இடத்தை நெல் பிடித்துக்கொள்ளும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. விவசாயிகள் தளர்வு கேட்பதும் சில ஆண்டுகளில் தளர்வு கிடைப்பதும் ஆண்டுதோறும் நடக்கும் போராட்டம். களம் இல்லாதவருக்குத் தார்ச்சாலைதான் களம். பாதிச் சாலை நெல்லுக்கு, பாதிச் சாலை வண்டிக்கு. காய்ந்த நெல்மணியின் மேல் ஏறும் டயருக்குத் தாரில் பிடிப்பு இல்லை. மணிகள் உருண்டு கொடுக்கும். சுமையால் முன்சக்கரம் லேசாகிவிட்ட வண்டி அங்கே பிரேக் பிடித்தாலோ திருப்பினாலோ கீழே போக வேண்டியதுதான். நெல்லின் மேல் ஏறியே தீர வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரை விட்டு, ஹேண்டில்பாரை நேராக வைத்து, பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். நெல்லைவிட மோசம், நெல்லுக்குக் காவலாக ஓரத்தில் வரிசை வைத்த கருங்கற்கள். நெல்லை மூட்டை கட்டி எடுத்துப்போன பின்னும் கற்கள் சாலையிலேயே கிடக்கும். இரவில் அவற்றைக் கண்டுபிடிப்பது முன்சக்கரம்தான். நெல் கொட்டுபவரைத் திட்டி எழுதுவது எளிது. 40 கிலோ மூட்டைகளோடு கொள்முதல் நிலைய வாசலில் பல நாள் காத்திருந்தவரிடம் போய் அதைச் சொல்வது எளிதில்லை.

பொங்கலுக்கு முந்தைய நாள் டெல்டா முழுக்கக் கரும்புக் கட்டுகள் வண்டியில் போகும். ஆறேழு அடிக் கரும்பு, தோகையோடு. அதைக் குறுக்கே வைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது நல்ல செய்தி. நீளவாக்கில் கட்டும்போது அடிப்பாகத்தை முன்னால், தோகையைப் பின்னால் விட வேண்டும். கரும்பின் கனம் அடியில். அது அச்சுக்கு முன்னால் வந்துவிடும். தோகை காற்றில் ஆடட்டும், தரையைத் தொடாமல் மடக்கிக் கட்டினால் சரி. தோகையை முன்னால் விட்டுக் கண்ணையும் கன்னத்தையும் அறுத்துக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கலாம். கட்டின் அடிமுனை ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் வராமல் இருக்கிறதா என்று கிளம்பும் முன் இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

விழுகிற வண்டிகளில் கணிசமானவை ஓடும்போது விழுவதில்லை. வீட்டு வாசலில், நின்ற பிறகு விழுகின்றன. பக்க ஸ்டாண்டு, சுமையில்லாத வண்டிக்காக அளவெடுத்தது. சுமையில் பின்பக்கம் தாழ்ந்தால் வண்டி ஸ்டாண்டின் மேல் போதிய அளவு சாயாமல் நிமிர்ந்து நிற்கும். லேசாகத் தட்டினால் மறுபக்கம் சாயும். கரை மண்ணில் ஸ்டாண்டின் கால் புதைந்து இந்தப் பக்கமும் சாயும். அதனால் நடு ஸ்டாண்டு. மண்ணாக இருந்தால் அதன் அடியில் ஒரு பலகைத் துண்டோ செங்கல்லோ. இறக்கும்போது மேலே இருப்பது முதலில், பின்னால் இருப்பது அடுத்தது, காலடித் தளத்தில் இருப்பது கடைசியில். பக்கவாட்டுச் சுமையில் ஒரு பக்கத்தை முழுதாக அவிழ்க்கும் முன் மறுபக்கத்தை ஓர் ஆள் பிடித்திருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் திண்ணையோடு அணைத்து வண்டியை நிறுத்திக்கொள்ளலாம்.